பன்னிரண்டு வருஷ பிளாஸ்டிக் மாடல் மிச்சப் பாகங்கள், நாலடி மேஜை: எப்படி அடுக்குறது?

#1 பரண்பைலட் (குரோம்பேட்டை)
ஞாயிறு இரவு 10:42

வணக்கம் மக்களே. நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதினது கம்மி. இன்னைக்கு வேற வழியில்லாம எழுதுறேன்.

போன மாசம் வீடு மாத்தினோம். பழைய வீட்ல மொட்டைமாடி ரூம் முழுக்க என்னோடது. புது ஃப்ளாட்ல எனக்கு ஒதுக்கினது, படுக்கையறை ஜன்னல் ஓரமா நாலுக்கு ரெண்டு அடி மேஜை, அதுக்கு மேல ரெண்டு ஷெல்ஃப், பரண்ல பாதி. மீதிப் பாதியில கொலு பொம்மைங்க. அவங்க எல்லைக்குள்ள நான் போகக் கூடாதுன்னு வீட்டம்மா உத்தரவு.

கட்டாத கிட் (ஒட்டிச் சேர்க்கிற மாடல் பெட்டி) பதினாலுதான், பெட்டியோட அடுக்கியாச்சு. தலைவலி மிச்சத்துலதான். ஒவ்வொரு கிட் முடிச்சதும் மிஞ்சின ஸ்ப்ரூவை, அதாவது பாகங்கள் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டத்தை, "எப்பவாவது ஆகும்"னு போட்டு வச்சது, மூணு அட்டைப்பெட்டியும் ஒரு இருபத்தஞ்சு கிலோ அரிசிப் பையுமா நிக்குது. இது போக ஐஸ்கிரீம் டப்பாவுல சக்கரம், குண்டு, ஏவுகணை, பாதி விமானி.

இன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். 1/72ல, அதாவது நிஜத்துல எழுபத்திரண்டுல ஒரு பங்கு அளவுல, மிக்-21 பிஸ் போர் விமானம் கட்டிட்டிருக்கேன். செப்டம்பர் 26, 2025 அன்னைக்கு சண்டிகர்ல நம்ம விமானப் படை கடைசியா அதை வழியனுப்பினதைப் பார்த்ததும் கிட்டை வெளிய எடுத்தேன், இன்னும் முடிக்கலை. இறக்கைக்கு அடியில ஏவுகணை மாட்டுற ரெயில் ஒண்ணு ட்வீசர்ல இருந்து தெறிச்சுப் போச்சு. சரி, அரிசிப் பையில இருக்குமேன்னு கொட்டினேன். ரெண்டரை மணி நேரம். ஏழு ரெயில் கிடைச்சுது. எது எந்த விமானத்தோடது, எது 72, எது 48, ஒண்ணும் புரியலை. கடைசியில பிளாஸ்டிக் பட்டையை அறுத்து நானே செஞ்சேன். இருபதே நிமிஷம்.

சொந்தமா செய்ய இருபது நிமிஷம், தேட ரெண்டரை மணி நேரம்னா அந்த மூட்டை எனக்கு எதுக்கு? தூக்கிப் போடவும் மனசு வரலை. நீங்கள்லாம் எப்படி வச்சிருக்கீங்க? மேஜையைப் பத்தியும் சொல்லுங்க. படம் போடலை, வெட்கமா இருக்கு.

#2 செயின்_சத்தம் (மதுரை)
ஞாயிறு இரவு 11:15

அரிசிப் பைன்னதும் சிரிச்சுட்டேன் ஜி. நம்ம வீட்ல சிமெண்ட் சாக்கு.

முதல்ல ஒண்ணு. நாளைக்கே கடைக்குப் போய் முப்பது டப்பா வாங்கிட்டு வந்துராதீங்க. எல்லாரும் பண்ற தப்பு அதுதான். டப்பா வாங்கின சந்தோஷத்துல வேலை முடிஞ்ச மாதிரி ஆயிரும். அப்புறம் காலி டப்பாவை எங்க வைக்கன்னு இன்னொரு இழை ஆரம்பிப்பீங்க.

ரெண்டாவது, இன்னைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது: வினைல் சமாச்சாரம் எல்லாத்தையும் தனியா எடுங்க. டாங்க் செயின், ரப்பர் மாதிரி இருக்கிற டயர், எல்லாம். நான் 1/35 டாங்கோட சக்கரம் இருபத்திச் சொச்சத்தை ஒரு டப்பாவுல போட்டு, அதுக்கு மேலயே வினைல் செயினைச் சுருட்டி வச்சேன். டப்பா பரண்ல. ரெண்டு சித்திரை வெயில் போச்சு. திறந்து பார்த்தா செயின் பதிஞ்ச இடமெல்லாம் சக்கரம் இளகி, கடிச்சுத் துப்பின பபுள்கம் மாதிரி. வினைலை வளைய வைக்கச் சேர்க்கிற எண்ணெய்ப் பதார்த்தம் கசிஞ்சு வந்து பாலிஸ்டைரீனை, அதாவது கிட் பிளாஸ்டிக்கை, தின்னுரும். எல்லா வினைலும் இப்படிப் பண்ணாது, ஆனா எது பண்ணும்னு பார்த்துச் சொல்ல முடியாது. ஜிப் கவர்ல போட்டு ஒதுக்கிருங்க.

#3 கத்தரிக்கோல் (பெங்களூரு)
திங்கள் காலை 7:50

கசப்பாத்தான் சொல்லப் போறேன். தூக்கிப் போடுங்க.

மூணு வருஷமா கை படாத பாகம் குப்பை. நான் மிச்சத்துக்குன்னு ஒரே ஒரு ஷூ பெட்டி வச்சிருக்கேன். நிரம்பினா, புதுசா ஒண்ணு உள்ள வரணும்னா பழசு ஒண்ணு வெளிய போகணும். இதுவரைக்கும் எதுக்கும் வருத்தப்பட்டதில்லை. நீங்களே சொல்லிட்டீங்க, இருபது நிமிஷத்துல செஞ்சுட்டீங்கன்னு. பதில் உங்க கேள்விக்குள்ளயே இருக்கே.

#4 பழையடாமியா (திருச்சி)
திங்கள் மதியம் 2:20

கத்தரிக்கோல் தம்பி சொல்வது அவருக்குச் சரி. அவர் வருஷத்துக்கு நாலு கிட்டைப் பெட்டியில் உள்ளபடியே கட்டுகிறவர். பரண்பைலட் இந்திய விமானப் படை விமானங்களாகக் கட்டுகிறவர். நம் படைக்கென்றே பெட்டியில் வரும் கிட் குறைவு. பெரும்பாலும் வேறு நாட்டு விமானத்தைத்தான் மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. அப்படிக் கட்டுகிறவருக்கு மிச்சப் பெட்டிதான் சரக்கறை.

எனக்கு வயது அறுபத்தாறு. மிச்சப் பாகங்களை மூன்று முறை பிரித்து அடுக்கியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் தப்பு. முதலில் கிட் வாரியாக அடுக்கினேன்: இந்தப் பையில் இந்த விமானத்தின் மிச்சம், அந்தப் பையில் அதன் மிச்சம். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒரு சக்கரம் வேண்டுமென்றால் நாற்பது பையைத் திறக்க வேண்டும். அடுத்த முறை எல்லாப் பாகத்தையும் ஸ்ப்ரூவிலிருந்து வெட்டி, சக்கரம் ஒரு டப்பா, குண்டு ஒரு டப்பா, இருக்கை ஒரு டப்பா என்று பிரித்தேன். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் எது எதனுடையது என்று தெரியவில்லை. உங்கள் ஏழு ரெயில் கதைதான்.

ஸ்ப்ரூவிலிருந்து வெட்டின பாகம் பெயரை இழந்துவிடுகிறது. அதனால் இப்போது நான் செய்வது இது. பாகத்தை மட்டும் வெட்டுவதில்லை. பக்கத்தில் எண் பொறித்த சின்னக் கொடி இருக்குமே, அதோடு சேர்த்து ஸ்ப்ரூவில் ஓர் அங்குலத் துண்டாக நறுக்குகிறேன். அந்தத் துண்டில் மார்க்கரால் கிட்டுக்கு ஒரு சுருக்கெழுத்தும் ஸ்கேலும் (72, 48 என்கிற அளவு) எழுதிவிட்டு, பிறகுதான் அதை "சக்கரம்", "ஆயுதம்" என்று வகை டப்பாவில் போடுகிறேன். வகை வாரியாகத் தேடலாம், ஊரும் பேரும் தொலையாது. பெரிய மரம் முழுவதும் போய்விட்டது, காம்போடு காய் மட்டும் இருக்கிறது.

எதைத் தேடிப் பெட்டியைத் திறக்கப் போகிறீர்களோ அந்த வரிசையில் அடுக்க வேண்டும். விமானம் கட்டுகிறவர் "72இல் ஒரு ஏவுகணை" என்று நினைத்துக்கொண்டு வருவார். ஆகவே முதலில் ஸ்கேல், அதற்குள் வகை. டாங்க் கட்டுகிறவருக்கு ஸ்கேல் பெரும்பாலும் ஒன்றுதான், 1/35. அவர் "ஜெர்மன் கருவிகள்", "ரஷ்ய டாங்க் கொக்கிகள்" என்றுதான் தேடுவார். அவருக்கு நாட்டு வாரியாக இருக்க வேண்டும்.

ஸ்கேல் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இருபது லிட்டர் ஜெர்ரி கேன் நிஜத்தில் சுமார் 47 சென்டிமீட்டர் உயரம். 1/35இல் அது பதின்மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1/48இல் பத்துக்கும் குறைவு. கையில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஜீப்பின் பின்னால் ஒட்டினதும் ஏதோ எண்ணெய்ப் பீப்பாயைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். நான் ஒட்டியிருக்கிறேன், அதனால்தான் தெரியும்.

(இந்த 1/35 என்பதே கணக்குப் பார்த்து வந்த அளவு அல்ல. ஜப்பான் கம்பெனி டாமியா 1961இல் பேந்தர் டாங்கை வெளியிட்டபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் உட்காருகிற மாதிரி அளவை வைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1/35. உலகமே இன்று அதில் கட்டுகிறது.)

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு என் வழி: கிட்டோடு வரும் செய்முறைக் குறிப்பேட்டை எடுங்கள். எந்தப் பாகம் இந்தக் கிட்டில் தேவையில்லை என்று நிழலடித்தோ கோடிட்டோ காட்டியிருப்பார்கள். அவைதான் சொத்து. முழு விமானத்துக்கும் போக மிஞ்சிய வேறு மாடல் மூக்கு, வேறு எரிபொருள் டேங்க், வேறு சக்கரம். ஹாசெகாவா கம்பெனியின் விமானக் கிட்டுகளில் பெரும்பாலும் குண்டோ ஏவுகணையோ வராது, தனிப் பெட்டியாக விற்பார்கள். அதனால் மற்ற கிட்டுகளில் மிஞ்சும் ஆயுதம் எதையும் வீசாதீர்கள். வெறும் சட்டத்தை வீசலாம்.

#5 பரண்பைலட்
திங்கள் இரவு 9:05

சார், "காம்போடு காய்" மனசுல ஒட்டிக்கிச்சு. நான் பாதிக்கு மேல மொட்டையா வெட்டி வச்சவன். ஏற்கெனவே வெட்டினதை என்ன பண்றது? அடையாளம் தெரியாததுன்னு ஒரு டப்பாவா?

#6 பழையடாமியா
திங்கள் இரவு 9:40

ஆம், ஒரே ஒரு டப்பா. அதற்குமேல் கூடாது. அதில் போடுமுன் ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம் லென்ஸில் பாருங்கள். சிலவற்றை அடையாளம் காணலாம். இறக்கைக்கு அடியில் தொங்கும் ரஷ்ய ராக்கெட் கூடு இருந்தால் முகத்தில் உள்ள ஓட்டைகளை எண்ணுங்கள். பதினாறு இருந்தால் யூபி-16, உங்கள் மிக்-21க்கு ஆகும். முப்பத்திரண்டு இருந்தால் யூபி-32. எண்ணும்போது ஒரு குண்டூசியை வைத்துத் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வரும்.

#7 தட்டார்வீட்டுப்பிள்ளை (கோவை)
செவ்வாய் காலை 6:30

எல்லாரும் டப்பாவைப் பத்திப் பேசறீங்க. அந்த ரெயில் தெறிச்சுப் போனதுதானுங்களே பிரச்சினைக்கே காரணம்? அதைச் சொல்றேனுங்க.

எங்கப்பா நகைப் பட்டறை வச்சிருந்தாருங்க. பட்டறையில கீழ விழுந்தது எதுவும் தொலையக் கூடாது. ராவின பொடி, கத்தரிச்ச துணுக்கு, எல்லாம் பணம். கூட்டின குப்பையைக்கூட விலைக்கு வாங்கிட்டுப் போறதுக்கு ஆள் வரும், சலிச்சு உருக்கித் தங்கம் எடுக்கறதுக்கு. சின்னச் சாமான் எங்க போகும்னு எங்க வீட்ல தெரியாதவங்க இல்லீங்க.

நான் மாடல் கட்டற மேஜையில செஞ்சிருக்கறது இதுதான். பழைய வெள்ளை வேட்டியில ஒண்ணரை மீட்டர் கிழிச்சு, ஒரு ஓரத்தை மேஜை விளிம்புக்கு அடியில நாலு பைண்டர் கிளிப் போட்டுப் புடிச்சிருக்கேன். மறு ஓரத்தை இடுப்புல செருகிக்கறது. மடியில தொட்டில் மாதிரி தொங்கும். ட்வீசர்ல இருந்து நழுவறதுல பாதிக்கு மேல அதுலதான் விழுதுங்க. வெள்ளையா, பூப் போடாத துணியா இருக்கோணும். எங்கூட்டு அம்மிணி முதல்ல பழைய சேலை குடுத்தாங்க, அந்தப் பூவுக்குள்ள விழுந்ததைத் தேடி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

ஒரே ஒரு ஜாக்கிரதைங்க. போன் அடிச்சதும் மறந்து எந்திரிச்சுறக் கூடாது. நான் ஒருக்கா எந்திரிச்சேன். துணி, மேஜை மேல இருந்த பெயிண்ட் மூடி, ஒட்டாத காக்பிட், எல்லாம் கூடவே வந்துருச்சு.

அப்புறம் சாமணம். கடையில "மாடல் ட்வீசர்"னு விக்கறதை விட, நகைக் கடைக்குச் சாமான் விக்கற கடையில கிடைக்கற சாமணம் எனக்குத் தோதா இருக்குதுங்க. முனை ரெண்டும் நேரா ஒண்ணுசேருதான்னு வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாருங்க. இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சா அது பாகத்தைத் தெறிக்க வைக்கும். இறுக்கிப் புடிக்கப் புடிக்கத்தான் பறக்கும்.

#8 பசைவிரல் (திருநெல்வேலி)
செவ்வாய் மதியம் 1:10

நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து கன்டம் ரோபோ மாடல் கட்டுறேன். மேஜையே கிடையாது, கட்டில் மேலதான். ஃபேன் போட்டா சின்ன ஸ்டிக்கர் பறக்குது, நிறுத்தினா ரூம்மேட் சண்டைக்கு வராங்க. என்ன செய்யலாம் அண்ணா? கன்டம்ல மிச்சமா வர்ற கை மட்டுமே என்கிட்ட முப்பது இருக்கு. பார்க்க பயமா இருக்கு.

#9 செயின்_சத்தம்
செவ்வாய் மதியம் 1:45

முப்பது கையும் ஒரு டப்பாவுலயா? ராத்திரி திறக்காதம்மா.

கட்டில்னா, விளிம்பு வச்ச ட்ரே ஒண்ணு வாங்கு. டீ கொண்டு வருவாங்களே, அந்த மாதிரி. உள்ள ஏ4 கட்டிங் மேட் உட்காரணும். அதுதான் உன் மேஜை. வேலை முடிஞ்சா அப்படியே கட்டிலுக்கு அடியில தள்ளிரலாம். ட்ரேக்கு மூணு பக்கமும் அட்டைப்பெட்டியை வெட்டிச் சுவர் மாதிரி நிறுத்தினா ஃபேன் காத்து அடிக்காது. ஸ்டிக்கர் ஒட்டுற பத்து நிமிஷம் மட்டும் ஃபேனை நிறுத்திக்க, ரூம்மேட்டுக்கு டீ வாங்கிக் குடு.

#10 கடல்700 (சிங்கப்பூர்)
செவ்வாய் இரவு 11:30

நான் கட்டுவது 1/700 போர்க்கப்பல்கள் மட்டும். நிஜத்தில் எழுபது சென்டிமீட்டர் இருப்பது இங்கே ஒரு மில்லிமீட்டர். 1971இல் ஜப்பானின் ஷிசுவோகா ஊர்க் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய வாட்டர்லைன் கப்பல் வரிசையில் பல கிட்டுகளில் ஆயுதங்களுக்கென்று ஒரு பொது ஸ்ப்ரூ வரும். அதில் பாதியைக்கூட ஒரு கப்பலில் பயன்படுத்த மாட்டோம். ஆக, பீரங்கிகள், படகுகள், விமானங்கள் என்று எனக்குப் பஞ்சமே கிடையாது. இடம்தான் பஞ்சம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் எனக்குக் கிடைத்தது பாம் ஷெல்டர் அறையில் ஒரு தட்டு. அங்கே பாகங்களை வைக்கலாம், பெயிண்ட் மட்டும் அடிக்கக் கூடாது. கனமான கதவு, காற்றுப் போக்கு இல்லை. ஒரு தடவை லாக்கர் பெயிண்டைத் திறந்துவிட்டு மண்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என் பெட்டிகள்: வாரம் ஏழு நாளுக்கான மாத்திரைப் பெட்டி. ஒவ்வோர் அறைக்கும் தனி மூடி என்பதுதான் அதன் சிறப்பு. ஒரே மூடி போட்ட பெட்டியில் பக்கத்து அறைப் பாகம் தடுப்புக்கு மேலே தாவி வந்துவிடும். வாங்குமுன் கடையிலேயே ஓர் அரிசியைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

பித்தளை எட்ச் தகடுகளுக்கு (நுண்ணிய பாகங்கள் அரித்தெடுத்த மெல்லிய தகடு) விசிட்டிங் கார்டு ஆல்பம். பின்னால் கெட்டி அட்டை ஒன்று செருகினால் வளையாது. டீக்காலுக்கும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) அதேதான், ஆனால் ஜிப் பையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. நம் ஊர் ஈரத்துக்கு டீக்காலைத் திறந்து போட்டால் மஞ்சள் பூக்கும், தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடையும். சென்னைக்கும் இதே கதைதானே.

#11 வடமராட்சியான்
புதன் காலை 8:15

பரண்பைலட் அண்ணை, எறியச் சொல்லுற ஆக்களின்ர கதையைக் கேட்டு அவசரப்படாதேங்கோ.

நான் இருக்கிறது பருத்தித்துறைப் பக்கம். கிட்டடியில கிட் விக்கிற கடை எண்டு ஒண்டும் இல்லை. லண்டனில இருந்து சித்தப்பா வரேக்க சூட்கேசில, உடுப்புகளுக்கு நடுவில வாறதுதான் என்ர கிட். வருசத்துக்கு ரெண்டு, மிஞ்சினால் மூண்டு. பெட்டி பாரமெண்டு அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஸ்ப்ரூவை மட்டும் சுத்திக் கொண்டு வருவார். அப்பிடி வந்த சாமானில நான் வெறும் சட்டத்தையும் எறியிறதில்லை.

ஏனெண்டு சொல்லுறன். ஒண்டு, வெறும் ஸ்ப்ரூவைச் சின்னச் சின்னனா நறுக்கி, அரைவாசி முடிஞ்ச எக்ஸ்ட்ரா தின் எண்ட பிளாஸ்டிக் பசைப் போத்திலுக்குள்ள போட்டு ஒரு இரவு விட்டால் கரைஞ்சு தேன் பதத்துக்கு வரும். இடைவெளி நிரப்ப இதைவிட நல்ல பூச்சு இல்லை, ஏனெண்டால் அதே பிளாஸ்டிக். தேய்க்கேக்க ரெண்டும் ஒரே மாதிரித் தேயும். ஆனா காய விடவேணும், ரெண்டு மூண்டு நாள். அள்ளிப் பூசினால் பாகத்தையே இளக்கிப் போடும். மற்றது, ஸ்ப்ரூத் துண்டை மெழுகுதிரிக்கு மேல உருட்டி உருட்டிப் பிடிச்சு, நடு தொய்யத் தொடங்கினதும் நெருப்பில இருந்து விலத்தி இழுத்தால் தலைமயிர் மாதிரிக் கம்பி வரும். அன்ரெனா கம்பி எல்லாம் நான் அதிலதான் செய்யிறது. மெல்லமா இழுத்தால் மொத்தம், கெதியா இழுத்தால் மெல்லிசு. கை சுடும், கவனம்.

#12 கத்தரிக்கோல்
புதன் காலை 9:30

@வடமராட்சியான், சரி, உங்க நிலைமையில நானும் வீச மாட்டேன். ஒத்துக்கிறேன். ஆனா அவர் குரோம்பேட்டையில இருக்கார். அரிசிப் பை ஸ்ப்ரூவைக் கரைச்சா தாம்பரம் பாலத்துல இருக்கிற விரிசலையே அடைக்கலாம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அளவு வெறும் சட்டம், கலருக்கு ஒண்ணா, வச்சுக்கட்டும். மீதி போகட்டும்.

#13 வடமராட்சியான்
புதன் காலை 9:52

ஒரு போத்தில் எண்டால் நானும் சம்மதம். 🙂

#14 நிர்வாகி
புதன் மதியம் 12:00

இந்த இழையில் இருந்த ஒரு விற்பனைப் பதிவை நீக்கியிருக்கிறேன். கிட் விற்க வாங்க தனிப் பகுதி உண்டு. அரட்டை தொடரட்டும்.

#15 செயின்_சத்தம்
புதன் இரவு 10:20

மேஜை பத்தி நம்ம அனுபவம் ரெண்டு.

பசை பாட்டில் கவிழ்ந்து ஒரு தடவை ஷெர்மன் டாங்கோட மேல்பாகம் முழுக்கக் கரைஞ்சுபோச்சு. அன்னையில இருந்து பழைய ஹவாய் செருப்போட அடிப்பாகத்துல பாட்டில் அளவுக்குச் சதுரமா ஓட்டை போட்டு, பாட்டிலை அதுல இறக்கிருவேன். தட்டினாலும் கவிழாது. ஜோடிச் செருப்புல இன்னொண்ணுல சூப்பர் க்ளூவும் பிரைமரும். வீட்ல மேஜை மேல செருப்பான்னு ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

பழைய பிளேடு: மண் உண்டியல். காசு போடுற வாயில பிளேடு சரியா நுழையும், திரும்ப வெளிய வராது. கத்தியோட கைப்பிடி உருண்டையா இருந்தா ரப்பர் பேண்டை நாலஞ்சு சுத்து சுத்துங்க. உருண்டு கீழ விழுற கத்தியைக் காலால பிடிக்கப் பார்க்கிற புத்தி மனுஷனுக்கு எங்க இருந்து வந்துச்சோ. எனக்கு மூணு தையல்.

#16 பழையடாமியா
வியாழன் காலை 11:00

வெளிச்சத்தை யாரும் சொல்லவில்லையே. ஒரு விளக்கு போதாது, நிழல் விழும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, இரண்டும் பகல் வெளிச்ச நிற எல்இடி. மஞ்சள் பல்பில் பெயிண்ட் கலந்துவிட்டுக் காலையில் ஜன்னலுக்குக் கொண்டுபோனால் அது வேறு விமானமாக இருக்கும். எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு பழைய மாடல்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீலம் ஒரு பிடி கூடுதல். ஆபரேஷனுக்கு முன்னால் கலந்தவை.

கீழே விழுந்ததைத் தேடவும் விளக்குதான். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். துரும்பும் நீள நிழல் போடும். அப்படியும் கிடைக்காவிட்டால், வாக்குவம் கிளீனர் வாயில் பெண்கள் போடும் மெல்லிய காலுறையைக் கட்டி உறிஞ்சுங்கள், பாகம் துணியில் ஒட்டி நிற்கும். பரண்பைலட் தம்பி, அந்த ரெயிலை இப்படித் தேடினீர்களா?

கடல்700 சொன்ன மஞ்சள் டீக்காலுக்கு ஒரு வார்த்தை. வீசிவிடாதீர்கள். ஜிப் பையில் போட்டு, முகம் வெளியே பார்க்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். நம் வெயில் நன்றாக வெளுத்துக் கொடுக்கும். தினமும் பாருங்கள், மறந்துவிட்டால் சிவப்பும் சேர்ந்து வெளுத்துவிடும்.

#17 பரண்பைலட்
(ஐந்து வாரம் கழித்து) ஞாயிறு மாலை 6:10

மக்களே, ஆளைக் காணோம்னு நினைச்சிருப்பீங்க. அடுக்கிட்டிருந்தேன்.

முதல் நாள் தோல்வியில இருந்து ஆரம்பிக்கிறேன். சமையல் ரூம்ல அம்மாவோட பழைய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி சும்மா கிடந்துச்சு. ஏழு கிண்ணம். மூக்குச் சக்கரம், முதன்மைச் சக்கரம், ஏவுகணை, குண்டு, டேங்க், ஆன்டெனா, விமானின்னு அழகா பிரிச்சேன். ரெண்டு மணி நேர வேலை. ஷெல்ஃப்ல ஏத்தும்போது சாய்ஞ்சுது. மூடி பெரிய டப்பாவுக்குத்தான், கிண்ணத்துக்குத் தனி மூடி கிடையாதே. கடுகு மேல மஞ்சள் பொடி விழுந்த மாதிரி எல்லாம் ஒண்ணாயிருச்சு. கடல்700 சொன்னதை நாலு நாள் கழிச்சுத்தான் ஒழுங்கா படிச்சேன். பாரிமுனை போய், ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி உள்ள டப்பாவா வாங்கினேன். அரிசி போட்டுக் குலுக்கியும் பார்த்தேன். கடைக்காரர் என்னையும் ஒரு மாதிரிதான் பார்த்தார்.

இப்ப நிலவரம். மூணு அட்டைப்பெட்டியும் அரிசிப் பையும் போச்சு. வெறும் சட்டம் பதினொரு கிலோ, பழைய பேப்பர் கடைக்காரர் பிளாஸ்டிக் கணக்குல எடுத்துக்கிட்டார். சாம்பல் கலர், பச்சைக் கலர் ரெண்டு பாட்டில் மட்டும் வச்சுக்கிட்டேன். 72க்கு ரெண்டு டப்பா, 48க்கு ஒண்ணு, வினைல் தனிக் கவர், கண்ணாடிப் பாகம் கீறல் விழாம ஒவ்வொண்ணும் தனித்தனிச் சின்னக் கவர். "அடையாளம் தெரியாதது" ஒரே டப்பா, சார் சொன்னபடி. அதுல ஏழு ரெயில்ல அஞ்சு போயிருச்சு. ரெண்டை மட்டும் பழைய குறிப்பேட்டை வச்சுக் கண்டுபிடிச்சேன்.

ஓட்டை எண்ணினது தனிக் கதை. பத்து வயசுப் பொண்ணை உட்கார வச்சு, ராக்கெட் கூடு ஒண்ணுக்கு ஒரு ரூபான்னு பேசி, லென்ஸும் குண்டூசியும் குடுத்தேன். ஒன்பது கூடு. ஆறு பதினாறு, ரெண்டு முப்பத்திரண்டு, ஒண்ணு பத்தொன்பது. அந்தப் பத்தொன்பது அமெரிக்கக் கூடு, ரஷ்யக் கூட்டோட எப்படிக் கலந்துச்சுன்னு தெரியலை. அவ எண்ணினதை நான் திரும்ப எண்ணிப் பார்த்தேன், ஒண்ணும் தப்பில்லை. நான்தான் ஒண்ணுல பதினஞ்சு சொன்னேன்.

மேஜையில இப்ப வேட்டித் துணி தொங்குது, கோவைக்காரருக்கு நன்றி. மூணு வாரத்துல பதினோரு தடவை பாகத்தைக் காப்பாத்திக் குடுத்திருக்கு. கணக்கு எழுதி வச்சிருக்கேன். ஒரு தடவை கூரியர்காரர் மணி அடிச்சதும் எந்திரிச்சுட்டேன். அதை விவரிக்க விரும்பலை.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுது. மேஜை நாலடியா இருந்தாலும், உண்மையில வேலை நடக்கிறது ஏ4 மேட் அளவு இடத்துலதான். முன்னாடி மொட்டைமாடி ரூம்ல பெரிய மேஜை, ஆனா சாமான் நெருக்கி நெருக்கி வேலை செய்யற இடம் ஒரு போஸ்ட் கார்டு அளவுக்கு வந்திருந்துச்சு. இப்ப ராத்திரி எந்திரிக்கும்போது மேட் மேல எதுவும் இருக்கக் கூடாதுன்னு வச்சிருக்கேன். தினமும் முடியலை. வாரத்துல நாலு நாள் முடியுது.

அந்தத் தொலைஞ்ச ரெயில், டார்ச் அடிச்சும் கிடைக்கலை. காலுறை கட்டி உறிஞ்சியும் கிடைக்கலை.

#18 தட்டார்வீட்டுப்பிள்ளை
ஞாயிறு இரவு 7:25

உங்க சட்டை மடிப்புல பாருங்க. பேண்ட் கீழ மடிச்சு விட்டிருந்தா அதுல. எங்கப்பா முதல்ல அங்கதான் பார்ப்பாருங்க.

#19 பசைவிரல்
ஞாயிறு இரவு 8:00

ட்ரே ஐடியா செம அண்ணா. கைகளை இடது, வலதுன்னு பிரிச்சேன். இருபத்து ரெண்டு வலது, எட்டு இடது. வாள் துப்பாக்கி பிடிக்கிற கை எல்லாம் வலதாத்தான் வருது போல. ரூம்மேட் இப்ப ஒரு கன்டம் கேட்கிறாங்க.

#20 கத்தரிக்கோல்
ஞாயிறு இரவு 9:48

@பரண்பைலட், ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க.

ஒரு விஷயம். கேட்கவே கூச்சமா இருக்கு. நானும் உங்களைப் பார்த்து மிக்-21 ஒண்ணு ஆரம்பிச்சேன். செகண்ட்ஹேண்ட் கிட், பெட்டியில ஒரு ஸ்ப்ரூவே இல்லை. 72ல யூபி-16 ஒரு ஜோடி மிஞ்சுமா? என்கிட்ட இருந்துச்சு. போன வருஷம் ஷூ பெட்டி நிரம்பிடுச்சுன்னு போட்டுட்டேன்.

#21 பரண்பைலட்
ஞாயிறு இரவு 9:53

இருக்கு சார். ரெண்டாவது டப்பா, மூணாவது அறை. காம்போட அனுப்புறேன், முகவரியைத் தனிச்செய்தியில போடுங்க. பொண்ணுக்கு மட்டும் ரெண்டு ரூபா குடுத்திருங்க, அவதான் எண்ணினா.

#22 செயின்_சத்தம்
ஞாயிறு இரவு 9:55

அஞ்சே நிமிஷம்! ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன்.

#23 பரண்பைலட்
திங்கள் காலை 6:40

தட்டார்வீட்டுப்பிள்ளை அண்ணா, பேண்ட் மடிப்புலதான் இருந்துச்சு. அஞ்சு தடவை வாஷிங் மெஷின்ல போயிட்டு வந்திருக்கு. கொஞ்சம் வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.